காயில் ஷாக் போடலாமா? பிரேமைப் பார்த்துவிட்டு ஸ்பிரிங்குக்கு வருவோம்

கேள்வியின் சாரம் இது: என்டியூரோ (கரடுமுரடான இறக்கங்களுக்கான) மவுண்டன் பைக், பின்பக்கம் 160 மி.மீ. டிராவல் (சக்கரம் மேலே வரக்கூடிய தூரம்), 230×65 அளவில் ஏர் ஷாக் (காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும் அதிர்ச்சித்தாங்கி). ஹெல்மெட், பேடு, தண்ணீர் எல்லாம் சேர்த்து ஓட்டுபவரின் எடை 80 கிலோ. கனடாவின் விஸ்லர் பைக் பார்க்கில் மேலிருந்து கிராமம் வரை நிறுத்தாமல் இறங்கினால், பாதி வழிக்கு மேல் பிரேக்கிங் பம்ப்ஸில் (பலரும் பிரேக் பிடித்துப் பிடித்து உருவான தொடர் மேடுகளில்) பின்சக்கரம் தரையில் ஒட்டாமல் தட்டிக்கொண்டே போகிறது. சுருள் ஸ்பிரிங் உள்ள காயில் ஷாக் போட்டால் தீருமா? எந்த ஸ்பிரிங் வாங்குவது? எப்படி ட்யூன் செய்வது?

தீர வாய்ப்பு உண்டு, உங்கள் பிரேம் ஒத்துக்கொண்டால். பலரும் முதலில் ஷாக்கை வாங்கிவிடுகிறார்கள், பிறகு ஸ்பிரிங்கைத் தேடுகிறார்கள், ஷாக் அடிக்கடி முழுதாக அமுங்கி அடித்தளத்தில் மோத (பாட்டம் அவுட்) ஆரம்பித்த பிறகுதான் பிரேமின் லிவரேஜ் வரைபடத்தைத் திறந்து பார்க்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். பிரேம், ஸ்பிரிங், ஷாக், கடைசியில் ஷாக்கைச் சரிசெய்யும் குமிழ்கள். பதிலும் அந்த வரிசையில்தான் போகிறது.

அதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு சோதனை. காலையில் முதல் ஓட்டத்துக்கு முன்பு சீட்டைக் கையால் அழுத்திவிட்டு, பின்பக்கம் எவ்வளவு வேகமாக எழுகிறது என்று பாருங்கள். முழு இறக்கம் முடிந்து, ஷாக் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது இதையே மறுபடி செய்யுங்கள். எழும் வேகம் நன்றாகக் கூடியிருந்தால் டாம்பர் (ஷாக்கின் அசைவை அடக்கும் பகுதி) எண்ணெய் சூட்டில் மெலிந்துபோகிறது என்று அர்த்தம். சர்வீஸ் நாள் தாண்டிய ஷாக்கில் இது அதிகமாகவே தெரியும். எழும் வேகம் மாறவில்லை, ஆனால் நீங்கள் ஏறி உட்கார்ந்தால் முன்பைவிட உயரமாக நிற்கிறது என்றால், உள்ளே காற்று சூடாகி அழுத்தம் கூடியிருக்கிறது. இரண்டும் இல்லையா? அப்படியானால் ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்பி எழுவது) மெதுவாக வைக்கப்பட்டிருக்கலாம். அடுத்தடுத்து வரும் மேடுகளில் சக்கரம் முழுதாகத் திரும்பி வருவதற்குள் அடுத்த அடி விழும். ஷாக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே புதைந்து, கடைசியில் கட்டைபோல் ஆகிவிடும். ரீபவுண்ட் குமிழை இரண்டு கிளிக் திறந்துவிட்டு ஒரு ஓட்டம் போய்ப் பாருங்கள். அதிலேயே தீர்ந்துவிட்டால் மீதிப் பதிலைப் படிக்கத் தேவையில்லை.

தீரவில்லை என்றால், காயில் என்ன தரும் என்று பார்ப்போம். ஏர் ஷாக்கில் காற்றை அடைத்துவைக்கப் பெரிய சீல்கள் உண்டு. அவற்றின் உராய்வைத் தாண்டினால்தான் ஷாக் நகரவே ஆரம்பிக்கும். காயிலில் டாம்பர் தண்டைச் சுற்றியுள்ள சின்ன சீல் மட்டும்தான். அதனால் சின்னச் சின்ன அதிர்வுகளுக்கும் உடனே அசைந்துகொடுக்கும். சூடேறினாலும் எஃகு ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. நீண்ட இறக்கத்தில் முதல் திருப்பமும் கடைசித் திருப்பமும் ஒரே மாதிரி இருப்பது இதனால்தான். விஸ்லரில் உச்சியிலிருந்து கிராமம் வரை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள். அந்த மாதிரி இடத்தில் இது பெரிய விஷயம். ஆனாலும் டாம்பர் எண்ணெய் காயில் ஷாக்கிலும் சூடாகும், அதிலிருந்து தப்ப முடியாது.

இழப்பும் உண்டு. எஃகு ஸ்பிரிங்கோடு சேர்த்தால் ஏறக்குறைய அரை கிலோ கூடும். பம்பை எடுத்து இரண்டு அடி அடித்து எடைக்கு ஏற்பச் சரிசெய்யும் வசதி போய்விடும். ஏர் ஷாக் கடைசி மூன்றில் ஒரு பங்கில் தானாகவே இறுகும். காயில் அப்படி இறுகாது, முதல் மில்லிமீட்டருக்கும் கடைசி மில்லிமீட்டருக்கும் ஒரே கடினம். அந்த இறுக்கத்தை வேறு யாராவது தந்தாக வேண்டும். அதைத் தர வேண்டியது பிரேம்.

இங்கேதான் லிவரேஜ் ரேஷியோ வருகிறது. பின்சக்கரம் எத்தனை மி.மீ. மேலே வந்தால் ஷாக் ஒரு மி.மீ. அமுங்குகிறது என்பதுதான் அந்த எண். 160 மி.மீ. டிராவலுக்கு 65 மி.மீ. ஸ்ட்ரோக் (ஷாக் அமுங்கும் தூரம்) என்றால் சராசரி 2.46. ஆனால் சராசரி மட்டும் தெரிந்து பயனில்லை. தொடக்கத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்பதே கேள்வி. உங்கள் பிரேமில் அது 2.8-இல் தொடங்கி 2.15-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைவு 0.65. அதை 2.8-ஆல் வகுத்தால் சுமார் 23 சதவீதம். இதைத்தான் புரோகிரஷன் என்கிறார்கள்.

இந்த 23 சதவீதம் பார்க்கச் சின்ன எண்தான், ஆனால் அதன் வேலை பெரிது. ஸ்பிரிங்கின் கடினம் சக்கரத்தில் எப்படித் தெரியும் என்பதற்கு, அதை லிவரேஜ் ரேஷியோவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 400 பவுண்டு ஸ்பிரிங் (ஒரு அங்குலம் அமுக்க 400 பவுண்டு கேட்பது) தொடக்கத்தில் சக்கரத்தில் 51 பவுண்டாகவும், முடிவில் 87 பவுண்டாகவும் தெரியும். தோராயக் கணக்குதான், ஆனாலும் மாறாத கடினம் கொண்ட ஸ்பிரிங் ஏறக்குறைய 1.7 மடங்கு இறுகிவிடுகிறது பாருங்கள். இந்த மாதிரி பிரேமில் காயில் நிம்மதியாக உட்காரும்.

என் அளவுகோல் இது: 20 சதவீதத்துக்கு மேல் என்றால் தயங்காமல் போடலாம். 15-க்கும் 20-க்கும் நடுவே என்றால், கடைசியில் தானே இறுகும் ஹைட்ராலிக் பாட்டம் அவுட் உள்ள ஷாக்கோ, புரோகிரஸிவ் ஸ்பிரிங்கோ தேவைப்படும். 15-க்குக் கீழே என்றால், குதிக்கிற ஆளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணோடு கோட்டின் வடிவத்தையும் பாருங்கள். சில பிரேம்களில் ரேஷியோ நடுவரை நன்றாகக் குறைந்துவிட்டு, கடைசி 30 மி.மீ.யில் தட்டையாகிவிடும், அல்லது லேசாக மேலே திரும்பும். மொத்தப் புரோகிரஷன் காகிதத்தில் அழகாக இருக்கும், ஆனால் தேவைப்படும் இடத்தில் இருக்காது. ஏர் ஷாக்கின் கடைசி இறுக்கத்தை மனதில் வைத்து வடிவமைத்த பிரேம்கள் இவை. பிரேம் நிறுவனத்தின் பக்கத்தில் வரைபடம் இல்லையென்றால், அவர்கள் அதே பிரேமை எந்த மாடலிலாவது காயில் ஷாக்கோடு விற்கிறார்களா என்று பாருங்கள். விற்றால் அதுவே பாதிப் பதில்.

பொருந்துமா என்ற கேள்வியில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, ஆனால் விலை கொடுக்க வைக்கும். 230×65 என்பதில் 230 இரு துளைகளின் மையத்துக்கு நடுவே உள்ள நீளம், 65 ஸ்ட்ரோக். அதே ஷாக்கின் ட்ரனியன் வடிவம் (ஒரு முனையை இருபக்கமும் போல்ட்டால் மாட்டுவது) 205×65. இரண்டும் ஒன்றுக்கொன்று மாறாது. 60 ஸ்ட்ரோக் பிரேமில் 65-ஐப் போட்டு டிராவல் கூட்டலாம் என்று ஆசைப்படுபவர்கள், ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கைக் கடைசி வரை அமுக்கி, டயர் சீட் டியூபில் இடிக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். பக்கவாட்டு ரிசர்வாயர் (எண்ணெய்க் கலம்) பிரேமில் உரசுகிறதா, பாட்டில் வைக்க இடம் மிஞ்சுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

யோக் உள்ள பிரேம்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஷாக்கின் ஒரு முனை நேரடியாக லிங்க்கில் (பின்சக்கர அசைவை ஷாக்குக்குக் கடத்தும் துண்டில்) மாட்டாமல், கவட்டை போன்ற நீண்ட துண்டு வழியாக மாட்டும் அமைப்பு அது. பின்சக்கரத்தில் பக்கவாட்டில் விழும் அழுத்தம் அந்த நீளத்தால் பெருகி, ஷாக்கின் தண்டை வளைக்கப் பார்க்கும். ஏர் ஷாக்கின் அகலமான உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். காயில் ஷாக்கின் மெல்லிய தண்டு, சீல் தேய்ந்து, எண்ணெய் கசிந்து, மோசமான நேரத்தில் வளைந்தும் போகும். உங்கள் பிரேமில் நீளமான யோக் இருந்தால், காயிலுக்கு அனுமதி உண்டா என்று பிரேம் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். பின்னால் வாரண்டிப் பேச்சு வந்தால் உதவும்.

சரி, ஸ்பிரிங். காயில் ட்யூனிங்கில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. சரியான ஸ்பிரிங் உள்ள மலிவான ஷாக், தப்பான ஸ்பிரிங் உள்ள விலையுயர்ந்த ஷாக்கைவிட எப்போதும் நன்றாக ஓடும். குமிழ்களால் இதைச் சரிக்கட்ட முடியாது.

ஸ்பிரிங்கில் 400×65 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். 400 என்றால், ஒரு அங்குலம் அமுக்க 400 பவுண்டு வேண்டும். இரண்டாவது எண் ஸ்பிரிங் எத்தனை மி.மீ. அமுங்கும் என்பது. இது ஷாக்கின் ஸ்ட்ரோக்குக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தாக வேண்டும். குறைந்தால், ஷாக் முடிவதற்கு முன்பே ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், அந்த அடி நேராக ஷாக்குக்கும் பிரேமுக்கும் போகும். உள்விட்டமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேறு நிறுவன ஸ்பிரிங்கைப் போடும்போது அளந்துதான் வாங்க வேண்டும்.

கணக்குக்கு வருவோம். இணையத்தில் கால்குலேட்டர்கள் நிறைய உண்டு, ஒன்றுக்கொன்று 50 பவுண்டு வரை வேறுபடும். காரணம், ஒவ்வொன்றும் பின்சக்கரத்தின் மேல் விழும் எடையை வெவ்வேறாக வைத்துக்கொள்கிறது, சராசரி ரேஷியோவை மட்டும் பார்க்கிறது. கையாலேயே போடலாம், கடினமில்லை.

80 கிலோவில் பின்சக்கரத்துக்கு 65 சதவீதம் என்றால் 52 கிலோ. ஷாக் 30 சதவீதம் அமுங்கிய இடத்தில், நம் உதாரண பிரேமின் லிவரேஜ் ரேஷியோ சுமார் 2.6. ஆக ஷாக்கின் மேல் விழுவது 52 × 2.6 = 135 கிலோ. 65 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 30 சதவீதம் 19.5 மி.மீ. 135-ஐ 19.5-ஆல் வகுத்தால் மி.மீ.க்கு 6.93 கிலோ. இதை 56-ஆல் பெருக்கினால் ஸ்பிரிங் கடைக்காரரின் பவுண்டுக் கணக்கு வந்துவிடும்: 388.

கடைகளில் 388 என்று பெரும்பாலும் கிடைக்காது. ஃபாக்ஸ் இலகு எஃகு ஸ்பிரிங்குகள் 25 பவுண்டு இடைவெளியில் வருகின்றன, வேறு சில 50 பவுண்டு இடைவெளியில். ஓலின்ஸ் மட்டும் மெட்ரிக் கணக்கில் செய்வதால் 365, 388, 411, 434 என்று விசித்திரமான எண்களாக இருக்கும். அந்த இடைவெளி உண்மையிலேயே வசதியானது. நம் கணக்கில் 400 போட்டால் அமுங்கல் 29 சதவீதம், 375 போட்டால் 31, 350 போட்டால் 33, 450 போட்டால் 26. இந்த அமுங்கலைத்தான் ஸேக் என்கிறோம். என்டியூரோ பைக்குக்கு 28 முதல் 32 வரை நல்ல எல்லை.

பின்சக்கரத்தின் பங்கை 65-க்குப் பதில் 60 என்று எடுத்தால் விடை 358 ஆகிவிடும். நீங்கள் எப்படி நிற்கிறீர்கள், பிரேமின் ரீச் (முன்பக்க நீளம்) எவ்வளவு, செயின்ஸ்டே (பின்சக்கரத்தைப் பிடிக்கும் குழாய்) நீளம் என்ன என்பதையெல்லாம் பொறுத்தது அது. ஆகவே 388 என்ற எண்ணை ஒரு தொடக்கப்புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு, ஸ்பிரிங்கில் அச்சிட்ட எண்ணும் சத்தியம் இல்லை. ஐந்து சதவீதம் கூடக்குறைய இருப்பது சாதாரணம். அதாவது ஒரு நிறுவனத்தின் 375-உம் இன்னொரு நிறுவனத்தின் 400-உம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கக்கூடும்.

பார்க்கில் குதிப்பதே அதிகம் என்றால் 400 வாங்குங்கள். வேர், கல் நிறைந்த மெதுவான தடங்களில்தான் பெரும்பாலும் ஓட்டம் என்றால் 375. முடிந்தால் இரண்டையும் வாங்கிவிடுங்கள். ஸ்பிரிங் பழையதாக நிறையக் கிடைக்கும், தேய்ந்துபோகிற பொருளும் இல்லை. முதல் தேர்விலேயே சரியாக அமைந்த ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஸ்பிரின்டெக்ஸ் என்று ஒரு வகை உண்டு. ஸ்பிரிங்கின் ஒரு முனையில் சுழலும் வளையம் இருக்கும், அதைத் திருப்பி ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் கடினத்தை மாற்றலாம். எடை அடிக்கடி மாறுகிறவர்களுக்கும், ஒரே பைக்கை இரண்டு பேர் ஓட்டும் வீட்டுக்கும் நல்லது. எம்ஆர்பி, கேன் கிரீக் நிறுவனங்கள் செய்யும் புரோகிரஸிவ் ஸ்பிரிங்குகள் உள்ளே போகப்போக இறுகும். புரோகிரஷன் போதாத பிரேமுக்கு அது உதவும். ஏற்கெனவே 25 சதவீதம் உள்ள பிரேமில் போட்டால் கடைசி டிராவல் கைக்கே வராது. டைட்டானியம் ஸ்பிரிங் இலகுவானது, விலை அதிகம். அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்கினால் அதிகம் தெரியும் என்பேன்.

ஷாக் எது என்று கேட்டீர்கள் என்றால், எத்தனை குமிழ் திருக உங்களுக்குப் பொறுமை உண்டு என்று நான் திருப்பிக் கேட்பேன். மார்சோக்கி பாம்பர் சிஆர்-இல் கம்ப்ரஷனுக்கு (ஷாக் அமுங்குவதை அடக்க) ஒன்று, ரீபவுண்டுக்கு ஒன்று, அவ்வளவுதான். விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. புரோகிரஷன் நன்றாக உள்ள பிரேமில், சரியான ஸ்பிரிங்கோடு, பெரும்பாலானவர்களுக்கு அது போதும். ஃபாக்ஸ் டிஹெச்எக்ஸ்-இல் ஏற்றத்துக்கு ஒரு லீவர் உண்டு. மிதித்து ஏறுகிறவர்களுக்கு வசதி. டிஹெச்எக்ஸ்2-இல் லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடு (ஷாக்கின் தண்டு மெதுவாகவும் வேகமாகவும் நகர்வது) இரண்டுக்கும் தனித்தனியாகக் கம்ப்ரஷனும் ரீபவுண்டும் உண்டு. புரிந்து திருகுபவர் கையில் அருமை, புரியாதவர் கையில் ஒரு சீசன் முழுக்கக் குழப்பம். ராக்ஷாக்ஸ் விவிட் காயில், இத்தாலியின் இஎக்ஸ்டி ஸ்டோரியா இரண்டிலும் ஹைட்ராலிக் பாட்டம் அவுட் உள்ளது. கடைசிக் கொஞ்ச தூரத்தில் எண்ணெய்ப் பாதை குறுகி, பலத்த இறக்கத்தை மெத்தென்று நிறுத்தும். புரோகிரஷன் 20-க்குக் கீழே உள்ளவர்கள் இதைத்தான் முதலில் தேட வேண்டும். புஷ் நிறுவனத்தின் இலெவன்சிக்ஸ், வாங்குபவரின் பிரேமுக்கும் எடைக்கும் ஏற்ப அமைத்துத் தரப்படும். இரண்டு தனித்தனிக் கம்ப்ரஷன் அமைப்புகளை ஒரு லீவரால் மாற்றிக்கொள்ளலாம். விலையைப் பார்த்து மயங்கி விழாதீர்கள்.

உங்கள் விஷயத்தில், பார்க்கில் குதித்து இறங்குவதால், ஹைட்ராலிக் பாட்டம் அவுட் உள்ள ஒன்றுக்கு என் ஓட்டு. பிரேம் 25 சதவீதத்தைத் தொட்டால் பாம்பர் சிஆர் வாங்கிவிட்டு, மிச்சக் காசுக்கு இரண்டாவது ஸ்பிரிங்.

மாட்டும்போது, ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கும் வளையமான பிரிலோட் காலரைப் பற்றி ஒரே விதிதான். ஸ்பிரிங் ஆடாமல் நிற்கும் வரை கையால் திருகி, அதற்கு மேல் ஒரு சுற்று. அதிகபட்சம் இரண்டு. ஸேக் அதிகமாக இருக்கிறது என்று பிரிலோடை ஐந்தாறு சுற்று ஏற்றுவதுதான் காயிலில் நடக்கும் பொதுவான தவறு. பிரிலோட் ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றுவதில்லை. தொடக்கத்தில் ஒரு தடையை மட்டும் வைக்கிறது. அந்தத் தடையைத் தாண்டும் அடி விழும் வரை ஷாக் அசையாது. எந்த நுண்ணுணர்வுக்காகக் காயில் வாங்கினீர்களோ, அதையே கொன்றுவிடுகிறது. ஸேக் எண்ணில் சரியாகத் தெரியும், ஓட்டத்தில் தெரியாது. இரண்டு சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் அடுத்த கடினமான ஸ்பிரிங்கை வாங்குங்கள்.

ஸேக் அளக்க, ஏர் ஷாக்கில் உள்ள ரப்பர் வளையம் இங்கே பெரும்பாலும் கிடையாது. இரு போல்ட் மையங்களுக்கு நடுவே டேப் வைத்து அளக்க வேண்டும். சுமை இல்லாமல் 230. நீங்கள் முழு உடுப்போடு, பெடலில் நின்று, கை கால் லேசாக மடக்கி, இறங்கும் நிலையில் இருக்கும்போது நண்பர் அளக்கட்டும். சுவரில் முழங்கையை மட்டும் சாய்த்துக்கொள்ளுங்கள், எடையைச் சாய்க்காதீர்கள். 30 சதவீதத்துக்கு 210.5 மி.மீ. வர வேண்டும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். ஒரு முறை மேலிருந்து மெதுவாக அமர்ந்தும், ஒரு முறை கீழே அழுத்திவிட்டு எழவிட்டும் பாருங்கள். காயிலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். நிறைய வேறுபட்டால் எங்கோ பேரிங்கோ புஷ்ஷிங்கோ பிடிக்கிறது.

இன்னொன்று. புரோகிரஸிவ் பிரேமில் ஷாக்கின் 30 சதவீதம், சக்கரத்தில் 30 சதவீதம் ஆகாது. தொடக்கத்தில் ரேஷியோ அதிகம் என்பதால், நம் உதாரணத்தில் சக்கரம் ஏறக்குறைய 33 சதவீதம் உள்ளே போயிருக்கும். பெடல் கல்லில் அடிக்கடி இடித்தால் இதுவும் ஒரு காரணம்.

இனி குமிழ்கள். முழுதாக மூடிய நிலையிலிருந்து எண்ணுங்கள், எண்ணைப் போனில் குறித்துவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு குமிழ் மட்டும். தடத்தில் ஒரு நிமிடம் ஓடக்கூடிய, பம்ப்ஸும் ஒரு திருப்பமும் ஒரு சின்னக் குதியும் உள்ள துண்டைத் தேர்ந்தெடுத்து அதிலேயே திரும்பத் திரும்ப ஓடுங்கள். முழு இறக்கம் போய்விட்டு வந்து, நன்றாக இருந்ததா என்று யோசித்தால் நினைவு ஏமாற்றும்.

ரீபவுண்டில் தொடங்குங்கள், ஏனென்றால் உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அமுங்கிய ஸ்பிரிங் விடுவிக்கும் விசையை அடக்குவது ரீபவுண்ட். ஸ்பிரிங் கடினமாக ஆக, அடக்கமும் கூட வேண்டும். 375-லிருந்து 400-க்கு மாறினால் ஒரு கிளிக் மூடிப் பாருங்கள். தொடக்க நிலைக்கு: சீட்டில் உட்கார்ந்தபடி நடைபாதை விளிம்பிலிருந்து இறங்குங்கள். பின்பக்கம் அமுங்கி, எழுந்து, கொஞ்சம் மேலே தாண்டி, அமைதியாக வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் வேகம் அதிகம். தாண்டவே இல்லை, சோம்பலாக எழுந்து நின்றுவிட்டது என்றால் மெதுவாக இருக்கிறது.

அங்கிருந்து பம்ப்ஸுக்குப் போய் ஒவ்வொரு கிளிக்காகத் திறந்துகொண்டே வாருங்கள். சக்கரம் ஒட்டுவது ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே வரும். ஒரு இடத்தில், குதிக்கும் விளிம்பில் பின்பக்கம் உங்களை உதைத்து மூக்கு கீழே போவது தெரியும். அதிலிருந்து ஒரு கிளிக் திரும்பி வாருங்கள். பெரும்பாலானவர்கள் ரீபவுண்டைத் தேவைக்கு மேல் மெதுவாக வைத்தே பல வருடம் ஓட்டுகிறார்கள். நிதானமாக இருப்பதால் அது பாதுகாப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே. ஹை ஸ்பீடு ரீபவுண்ட் தனியாக இருந்தால், அது ஆழமாக அமுங்கிய பின் திரும்பும் வேகம். பெரிய குதியில் இறங்கியதும் பைக் பந்துபோல் எழும்பினால் அதை மூடுங்கள். விளிம்பில் உதைப்பது பெரும்பாலும் லோ ஸ்பீடு சமாச்சாரம்.

லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடு என்பது நீங்கள் எவ்வளவு வேகமாகப் போகிறீர்கள் என்பதைப் பற்றியது இல்லை, ஷாக்கின் தண்டு நகரும் வேகம். மிதிப்பது, பிரேக் பிடிப்பது, திருப்பத்தில் உடம்பை அழுத்துவது எல்லாம் லோ. நேர்விளிம்புக் கல், தட்டையான தரையில் இறங்குவது எல்லாம் ஹை. லோ ஸ்பீடு கம்ப்ரஷனை முழுதாகத் திறந்த நிலையில் ஆரம்பித்து, திருப்பத்தில் பின்பக்கம் புதைந்து பாதை அகலமாகப் போவது நிற்கும் வரை மூடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். காயில் நடுப்பகுதியில் புதைகிறது என்று குற்றம் சொல்பவர்கள் நிறைய. இரண்டு மூன்று கிளிக் லோ ஸ்பீடு கம்ப்ரஷனில் அது பெரும்பாலும் அடங்கிவிடும், அடங்கவில்லை என்றால் ஸ்பிரிங் மென்மையானது. ஹை ஸ்பீடு கம்ப்ரஷனை நான் கடைசியில்தான் தொடுவேன். பம்ப்ஸில் கைகால் எரியும் அளவுக்கு அடி ஏறினால் திறந்துவிடுங்கள். அடித்தளத்தில் மோதினால் உடனே அதை மூடத் தோன்றும், கொஞ்சம் பொறுங்கள்.

மோதுவதை எப்படிப் படிப்பது? ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, பெரிய தப்பான இறக்கத்தில் மட்டும் டக் என்று கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது. டிராவல் பயன்படுத்தத்தான். ஒவ்வொரு ஓட்டத்திலும் கேட்டால் ஸேக்கைப் பாருங்கள். ஸேக் 32-க்கு மேல் என்றால் அடுத்த ஸ்பிரிங். ஸேக் சரியாக இருந்தும் மோதினால் ஹைட்ராலிக் பாட்டம் அவுட்டைக் கூட்டுங்கள். அது இல்லாத ஷாக்கில்தான் ஹை ஸ்பீடு கம்ப்ரஷன். ஸேக் சரி, மோதலும் உண்டு, கம்ப்ரஷனை மூடினால் பம்ப்ஸில் கரடுமுரடு என்று மூன்றும் சேர்ந்தால் பிரேமின் புரோகிரஷன் போதவில்லை, புரோகிரஸிவ் ஸ்பிரிங்குக்கு நேரம் வந்துவிட்டது.

பின்பக்கம் காயிலாக மாறினால் முன்பக்கம் பேச ஆரம்பிக்கும். ஏர் ஃபோர்க்கின் தொடக்க உராய்வு இதுவரை தெரியாமல் இருந்திருக்கும். இப்போது பின்சக்கரம் ஒட்டுகிறது, முன்சக்கரம் தட்டுகிறது என்று தோன்றும். ஃபோர்க்கின் கீழ்க்கால் எண்ணெயை மாற்றுங்கள், அழுத்தத்தை ஐந்து சதவீதம் குறைத்துப் பாருங்கள். பின்பக்கம் முன்பைவிட ஆழமாக உட்கார்ந்தால் ஸ்டீயரிங் கோணம் படுத்து, தட்டையான திருப்பத்தில் முன்சக்கரம் வழுக்கும். அப்போது ஃபோர்க்கைக் குற்றம் சொல்வதற்கு முன் பின் ஸேக்கை மறுபடி அளக்க வேண்டும்.

பராமரிப்பு சுலபம். ஃபாக்ஸ் ஷாக்குகளுக்கு 125 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் சொல்கிறார்கள். பார்க்கில் ஓட்டினால் நான் அதற்கு முன்பே கொடுப்பேன். மழையில் ஓட்டியபின் ஸ்பிரிங்கைக் கழற்றி மண்ணைத் துடையுங்கள். காலர் தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது கை வைத்துப் பாருங்கள். கிர் கிர் என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ஸ்பிரிங் தன் இருக்கையில் சுழல்வதுதான், கொஞ்சம் கிரீஸ் போதும். சீட்டைப் பிடித்துத் தூக்கும்போது டக் என்று ஒரு ஆட்டம் இருந்தால் ஷாக்கின் புஷ்ஷிங் தேய்ந்திருக்கிறது. சின்ன விலைதான், தள்ளிப்போட்டால் தண்டு தேயும்.

ரீபவுண்டை முழுதாகத் திறந்தும் மெதுவாகவே இருக்கிறது, அல்லது முழுதாக மூடியும் துள்ளுகிறது என்றால் உள்ளே உள்ள ஷிம் அடுக்கு (எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய தகடுகள்) உங்கள் ஸ்பிரிங்குக்கு ஒத்துவரவில்லை. 300 பவுண்டுக்குக் கீழே ஸ்பிரிங் போடும் எடை குறைந்தவர்களுக்கும், 550-க்கு மேல் போகிறவர்களுக்கும் இது அடிக்கடி நேரும். அவர்கள் ட்யூனரிடம் கொடுத்து வால்விங்கை மாற்றத்தான் வேண்டும். 400 சுற்றி நிற்கும் உங்களுக்கு அது தேவைப்பட வாய்ப்பு குறைவு.

உங்கள் பிரேமின் வரைபடத்தைத் தேடிப் பார்த்து, புரோகிரஷன் 12, 13 என்று வந்துவிட்டால் காயில் யோசனையை விட்டுவிடுங்கள். இருக்கும் ஏர் ஷாக்கை முழு சர்வீஸுக்குக் கொடுத்து, நெகட்டிவ் அறை (தொடக்கத்தில் ஷாக் எளிதாக அமுங்க உதவும் காற்றறை) பெரிதான ஏர் கேன் (காற்றை அடைக்கும் உறை) அதற்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் தொடக்க உணர்வு காயிலுக்குப் பக்கத்தில் வரும், கடைசி இறுக்கமும் கையை விட்டுப் போகாது.